தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப கேக்காதீங்க

அமெரிக்காவுல மெடிகெய்ட் (வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ்), ஸ்நாப் (சாப்பாட்டுச் சாமான் வாங்க உதவி) மாதிரி அரசு உதவி வாங்குறவங்களுக்கு ரினியூவல்னு ஒண்ணு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, சில பேருக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, "வருமானம் இன்னும் அவ்வளவுதானா, வீட்ல அதே ஆளுங்கதானா"ன்னு கேட்டு ஒரு கவர் வரும், அதுக்கு பதில் போடணும், போடலைன்னா உதவி நின்னுடும். கேக்குறதுக்கு சின்ன விஷயம்தான். நான் வாரக் கடைசில ஒரு லைப்ரரில உக்காந்து இந்த ஃபார்ம் நிரப்ப உதவி பண்றேன், அங்க பாத்ததுல எனக்கு உறுதியா தெரிஞ்சது இதுதான்: தகுதி போனதால உதவி நின்னவங்கள விட பேப்பர் போய்ச் சேராததால நின்னவங்க ரொம்ப ஜாஸ்தி. கவர்ன்மென்ட் தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்தை கேக்குறத நிறுத்துனாலே இதுல பாதி பிரச்சனை தீந்துரும்னு நான் நினைக்கிறேன்.

நாடு முழுக்க இதுதான் நிலைமைன்னு நம்பரே சொல்லுது. கொரோனா வந்தப்ப, 2020 மார்ச்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுச்சு, மெடிகெய்ட்ல இருக்குறவங்கள எடுக்காம வச்சிருந்தா மாநிலங்களுக்கு கூடுதல் பணம் தர்றோம்னு. மூணு வருஷம் பெரும்பாலும் யாருக்கும் ரினியூவலால கவரேஜ் போகல. 2023 மார்ச் கடைசியோட அது முடிஞ்சுது, ஏப்ரல்ல இருந்து 9 கோடிக்கு மேல இருந்த ஆளுங்கள ஒவ்வொருத்தரா மறுபடி செக் பண்ண ஆரம்பிச்சாங்க. அதுல 2.5 கோடி பேருக்கு மேல கவரேஜ் போச்சு. கேஎஃப்எஃப்-ங்கிற ஆய்வு அமைப்பு மாநிலக் கணக்கெல்லாம் சேத்துப் பாத்ததுல போனவங்கள்ல சுமார் 69 சதவீதம் பேருக்கு காரணம் நடைமுறைக் கோளாறு, அதாவது ஃபார்ம் வரல, இல்ல லேட்டா வந்துச்சு, இல்ல ஒரு இடத்துல கையெழுத்து விட்டுப்போச்சு, இல்ல கவரே பழைய அட்ரசுக்குப் போயி திரும்பிடுச்சு. இதுல சில பேருக்கு உண்மையிலேயே வேற இன்சூரன்ஸ் கிடைச்சிருக்கும், அவங்க வேணும்னே பதில் போடாம விட்ருக்கலாம், ஒத்துக்குறேன். ஆனா அந்த ஆளுக்கு தகுதி இருக்கா இல்லையான்னு யாருமே பாக்காம ஃபைலை மூடுறத எப்படி சரின்னு சொல்றது?

ஒரு நோட்டீஸை கையில வாங்கிப் பாத்தீங்கன்னா ஏன் இப்படி ஆகுதுன்னு புரியும். சமீபத்துல ஒருத்தர் கொண்டு வந்த கவர்ல இருந்ததைச் சொல்றேன். முதல் பக்கத்துல கேஸ் நம்பர், ஆபீஸ் அட்ரஸ், அதுக்குக் கீழ எந்த சட்டத்தோட எந்தப் பிரிவுல இந்த நோட்டீஸ் அனுப்புறாங்கங்கிற ஒரு பத்தி. ரெண்டாவது பக்கம் வீட்ல இருக்குறவங்க பேரு, ஒவ்வொருத்தருக்கும் எந்த வகை கவரேஜ்னு ஒரு குறியீடு. எந்தத் தேதிக்குள்ள அனுப்பணும்ங்கிறது மூணாவது பக்கத்துல ஒரு பத்தியோட நடுவுல, மத்த எழுத்து மாதிரியே அதே சைஸ்ல. அப்புறம்தான் ஃபார்ம் ஆரம்பிக்குது, அதுக்கப்புறம் உரிமைகள் பத்தி பல பக்கம், அதுல எத நிரப்பி அனுப்பணும் எத வீட்ல வச்சுக்கணும்னு எங்கயும் பளிச்சுன்னு போடல. அவரு மொத்தக் கட்டையும் அனுப்பணுமான்னு கேட்டாரு, நியாயமான கேள்வி. அவரு பை நிறைய அதே ஆபீஸ்ல இருந்து வந்த வேற கவர்களும் இருந்துச்சு, ஒண்ணுல உங்க பேப்பர் கிடைச்சுதுன்னு இருக்கு, அதுக்கு அடுத்த நாள் தேதி போட்ட இன்னொண்ணுல பேப்பர் வராததால உதவி நிறுத்தப்படும்னு இருக்கு. கம்ப்யூட்டர் தானா அனுப்புற லெட்டர் ஒண்ணுக்கொண்ணு குறுக்க வந்திருக்கு, ஆனா வாங்குற மனுஷனுக்கு அது எப்படித் தெரியும், ராத்திரி தூக்கம் வருமா. இது போதாதுன்னு மெடிகெய்டுக்கு ஒரு தேதி ஸ்நாப்புக்கு ஒரு தேதி, அதே சம்பள ஸ்லிப்பை ரெண்டு தடவை காப்பி எடுத்து ரெண்டு கவர்ல போடணும்.

சம்பள ஸ்லிப் இருக்குறவங்க கூட பரவால்ல. வீட்டு வேலை பாக்குற ஒரு அம்மா வந்தாங்க, நாலஞ்சு வீட்ல க்ளீனிங், எல்லாம் கையில காசு. ஃபார்ம்ல என்ன கேட்டிருந்துச்சுன்னா வேலை குடுக்குறவங்ககிட்ட இருந்து லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், மணி நேரம், சம்பளம், எவ்வளவு நாளா வேலை பாக்குறாங்க எல்லாம் எழுதி கையெழுத்து. வீடு கூட்டித் துடைக்க ஆள் வச்சிருக்குற குடும்பத்துக்கு ஏது லெட்டர்ஹெட்? ஒரு வீட்ல கேட்டுப் பாத்திருக்காங்க, அந்த வீட்டுக்காரங்களுக்கு டாக்ஸ் பிரச்சனை ஏதாவது வந்துடுமோன்னு பயம், யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் இந்தம்மாவுக்கு இன்னொரு வீட்ல கேக்கவே மனசு வரல, கேட்டா வேலை போயிடுமோன்னு. கடைசில நாங்க ஒரு வெள்ளைத் தாள்ல கோடு போட்டு தேதி, எந்த வீடு, எவ்வளவு காசுன்னு அவங்களே எழுதி கையெழுத்துப் போட்டு அனுப்பினோம், அதை ஏத்துக்கிட்டாங்க. ஏத்துப்பாங்கன்னு விதியில இருக்கு, ஆனா ஃபார்ம்ல "மற்ற ஆதாரம்"னு ஒரே ஒரு பொடி எழுத்து வரிதான். இந்த மாதிரி கணக்கு எழுதி அனுப்பலாம்னு அங்கயே ஒரு காலி டேபிள் அச்சடிச்சு வச்சிருந்தா அந்தம்மா யாருகிட்டயும் போயி கையேந்தி நின்னிருக்க வேண்டாம். எனக்கு ரொம்ப நாள் மனசு ஆறல.

சரி, கவர்ன்மென்ட்டுக்கு என்ன தெரியும்? நிறைய தெரியும். கம்பெனிங்க வேலையின்மை இன்சூரன்ஸுக்காக மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொழிலாளியோட சம்பளத்தையும் மாநிலத்துக்கு ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். சோஷியல் செக்யூரிட்டிங்கிற அரசு பென்ஷன் பணம் எவ்வளவுன்னு ஃபெடரல் கவர்ன்மென்ட்டுக்கு அத்துப்படி, குடுக்குறதே அவங்கதான். ஸ்நாப் வாங்குற குடும்பம்னா அவங்க வருமானத்தை இன்னொரு டெஸ்க்ல ஏற்கனவே அலசி எடுத்தாச்சு. இதனாலதான் ஒபாமா காலத்து இன்சூரன்ஸ் சட்டமான அஃபோர்டபிள் கேர் ஆக்ட் வந்தப்ப, 2014-ல இருந்து, மெடிகெய்டுக்கு ஒரு நல்ல விதி வந்துச்சு: முதல்ல உன்கிட்ட இருக்குற டேட்டாவைப் பாரு, அதுலயே தகுதி தெரிஞ்சா அப்படியே ரினியூ பண்ணிட்டு தகவல் மட்டும் அனுப்பு, தெரியலைன்னாதான் ஆளைக் கேளு. எக்ஸ் பார்ட்டே ரினியூவல்னு சொல்வாங்க. சட்டத்துல இருக்குறது இவ்வளவு தெளிவு, ஆனா நடைமுறைல சில மாநிலத்துல பெரும்பாலான ரினியூவல் இப்படி தானா முடியுது, சில மாநிலத்துல கொஞ்சம் பேருக்குத்தான் நடக்குது. ஒரே நாடு, ஒரே சட்டம். வித்தியாசம் எங்கன்னா கம்ப்யூட்டர் சிஸ்டத்துலயும் அதை எழுதி வச்சவங்க எடுத்த முடிவுலயும்தான்.

அந்த முடிவு எவ்வளவு பெரிய விஷயம்னு 2023-ல ஊருக்கே தெரிஞ்சுது. அமெரிக்காவுல மெடிகெய்ட் வருமான வரம்பு குழந்தைங்களுக்கு ஜாஸ்தி, பெரியவங்களுக்கு கம்மி, அதனால அப்பா அம்மாவுக்கு தகுதி போனாலும் பிள்ளைக்கு இருக்கும். தானா ரினியூ பண்ற செக்கை ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா பண்ணணும். ஆனா பல மாநில சிஸ்டம் அதை மொத்தக் குடும்பத்துக்கும் சேத்துப் பண்ணிக்கிட்டு இருந்துச்சு, குடும்பத்துல ஒருத்தருக்கு டேட்டா சரியா வரலைன்னா எல்லாருக்கும் சேத்து ஃபார்ம் அனுப்பு, ஃபார்ம் திரும்ப வரலைன்னா எல்லாரையும் எடுத்துடு, பிள்ளையையும் சேத்து. மெடிகெய்டை மேற்பார்வை பண்ற சிஎம்எஸ் இதைக் கண்டுபிடிச்சு கேட்டப்ப 29 மாநிலமும் வாஷிங்டன் டிசியும் எங்க சிஸ்டமும் இப்படித்தான் இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, கிட்டத்தட்ட 5 லட்சம் பேருக்கு கவரேஜ் திரும்பக் குடுக்க வேண்டியதாச்சு, அதுல நிறைய பேரு குழந்தைங்க. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. ஆனா ஆஸ்துமா இன்ஹேலர் வாங்கப் போன இடத்துல உன் கார்டு வேலை செய்யலன்னு சொல்லக் கேட்ட தாய்க்கு யாரோட எண்ணம் எப்படி இருந்தா என்ன.

மாத்த முடியுமான்னு கேட்டா, முடியும், மிச்சிகன்ல மாத்திக் காட்டினாங்க. அங்க மருத்துவம், உணவு, பணம், குழந்தை பராமரிப்பு, அவசர உதவி எல்லாத்துக்கும் சேத்து ஒரே அப்ளிகேஷன், 40 பக்கத்துக்கு மேல, 1,000 கேள்விக்கு மேல, நாட்டுலயே இந்த வகையில நீளமான ஃபார்ம்னு பேரு வாங்குனது. அதுல ஒரு கேள்வி உங்க குழந்தை எந்தத் தேதில கரு உண்டாச்சுன்னு. பசிக்கு உதவி கேட்டு வர்ற ஒரு பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியா இது? டெட்ராய்ட்ல சிவில்லாங்கிற ஒரு லாப நோக்கமில்லாத டிசைன் அமைப்பு மாநில அரசுத் துறையோட சேந்து வேலை பாத்துச்சு. அவங்க பண்ணதுல எனக்குப் பிடிச்சது, துறையோட தலைமைல இருக்குறவங்களையே கூப்பிட்டு அந்தப் பழைய ஃபார்மை நிரப்பிப் பாக்கச் சொன்னது. அப்புறம் உதவி வாங்குறவங்க, அவங்க ஃபைலைப் பாக்குற ஆபீஸ் ஊழியர்களான கேஸ் ஒர்க்கருங்க ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி, ஒவ்வொரு கேள்வியா எடுத்து, இதைக் கேக்கச் சொல்லி எந்த விதி சொல்லுதுன்னு பாத்துப் பாத்து வெட்டுனாங்க. 2018-ல புது ஃபார்ம் மாநிலம் பூரா வந்தப்ப பழசை விட 80 சதவீதம் சின்னது. அதுக்கடுத்து அதே ஆளுங்க ரினியூவல் பக்கமும் கை வச்சாங்க. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படல இதுக்கு. இருக்குற சட்டத்தை ஒழுங்காப் படிச்சா போதுமா இருந்துச்சு.

ஸ்நாப்ல இன்னொரு இடைஞ்சல் இருக்கு, இன்டர்வியூ. ரினியூவலுக்கு ஃபார்ம் மட்டும் பத்தாது, ஃபோன்லயாவது ஒருத்தர்கிட்ட பேசியாகணும். சான் ஃபிரான்சிஸ்கோல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ஞ்சு 2021-ல வெளியிட்டாங்க, அங்க இன்டர்வியூ தேதி மாசத்துக்குள்ள கிட்டத்தட்ட குலுக்கல்ல விழுற மாதிரிதான் வரும். மாச ஆரம்பத்துல தேதி விழுந்தவங்கள விட மாசக் கடைசில விழுந்தவங்களுக்கு ரினியூவல் கைவிட்டுப் போறது கணிசமா ஜாஸ்தியா இருந்துச்சு. ஏன்னா கடைசில தேதி விழுந்தா ஒரு ஃபோன் மிஸ்ஸானாலோ ஒரு பேப்பர் குறைஞ்சாலோ சரி பண்ண நாளே இருக்காது. ரெண்டு பேரோட பசியும் ஒண்ணுதான், வறுமையும் ஒண்ணுதான், தேதி மட்டும்தான் வேற. ஃபோனும் எப்படி வருது, தெரியாத நம்பர்ல இருந்து, வேலை நேரத்துல, கோடவுன்ல வேலை பாக்குறவருக்கு ஃபோனை லாக்கர்ல வச்சுட்டு உள்ள போகணும், எப்படி எடுப்பாரு? ஆளுங்களுக்கு வசதியான நேரத்துல அவங்களே கூப்பிட்டுப் பேசுற மாதிரி வைக்கலாம், அந்த ஏற்பாட்டை சில இடத்துல செஞ்சும் இருக்காங்க. வேலை வருமானம் இல்லாத வயசானவங்களுக்கு ஸ்நாப்லயே ஒரு எளிய வழி இருக்கு, ஈசாப்னு பேரு, எடுத்துக்கிட்ட மாநிலங்கள்ல 36 மாசத்துக்கு ஒரு தடவை ரினியூ பண்ணா போதும், பெரும்பாலும் ரினியூவல் இன்டர்வியூவும் கிடையாது. பென்ஷன் மட்டுமே வருமானமா இருக்குற 78 வயசுப் பாட்டிகிட்ட வருஷா வருஷம் போயி புதுசா வேலை கிடைச்சுதான்னு கேட்டு என்ன ஆகப் போகுது.

ஏமாத்துறவங்களை எப்படிப் பிடிக்கிறது, செக் பண்ண வேண்டாமான்னு கேப்பாங்க. பண்ணணும், வரிப்பணம், கண்டிப்பாப் பண்ணணும். ஆனா ஏமாத்த நினைக்கிறவன் ஃபார்மை நேரத்துக்கு, அழகா, எல்லாப் பக்கமும் நிரப்பி அனுப்பிடுவான். நீளமான ஃபார்ம்ல மாட்டுறது ரெண்டு ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க, இங்கிலீஷ் சரியா வராதவங்க, வீடு மாறினவங்க, மன அழுத்தத்துல கவரைப் பிரிக்கவே பயப்படுறவங்க. சம்பளத்தை மறைக்கிறவனை சம்பள டேட்டாவோட ஒத்துப் பாத்துத்தான் பிடிக்க முடியும், அதுதான் நான் கேக்குறதும். இன்னொண்ணு, தகுதி இருந்தும் வெளிய போனவங்க அப்படியே காணாமப் போறதில்ல, பல பேரு சில வாரத்துலயே புது அப்ளிகேஷன் போட்டுத் திரும்ப வர்றாங்க, ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு ரினியூவலை விட புது அப்ளிகேஷன்ல வேலை ஜாஸ்தி. கேஸ் ஒர்க்கருங்களும் பாவம், ஒவ்வொருத்தர் தலையிலயும் எக்கச்சக்க கேஸ், அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல.

இப்ப எனக்குக் கவலை எங்கன்னா காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது. 2025 ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான சட்டப்படி, மெடிகெய்ட் விரிவாக்கத்துல, அதாவது அஃபோர்டபிள் கேர் ஆக்ட்டால புதுசா சேந்த பெரியவங்களுக்கு 2026 டிசம்பர் கடைசில இருந்து வருஷத்துக்கு ஒண்ணுக்கு பதிலா ஆறு மாசத்துக்கு ஒரு ரினியூவல். அதோட சேத்து 2027 ஆரம்பத்துக்குள்ள மாசம் 80 மணி நேர வேலை இல்ல அதுக்குச் சமமான ஒண்ணைக் காட்டணும், இல்லைன்னா விலக்கு இருக்குன்னு காட்டணும். ஸ்நாப்லயும் கணக்குத் தப்பு விகிதம் 6 சதவீதத்துக்கு மேல இருக்குற மாநிலம் பெரும்பாலும் 2027 அக்டோபர்ல இருந்து உதவித் தொகையில ஒரு பங்கைத் தன் கையில இருந்து போடணும். 2024 நிதியாண்டுக்கு நாட்டோட சராசரியே 10.93 சதவீதம், இதுல ஜாஸ்தி குடுத்ததும் இருக்கு கம்மியாக் குடுத்ததும் இருக்கு. பயந்துபோன மாநிலம் என்ன பண்ணும், இன்னும் ரெண்டு பேப்பர் சேத்துக் கேக்கும், அதுதான் ஆபீஸ் புத்தி. ஆர்கன்சாஸ்ல 2018-ல மெடிகெய்டுக்கு இதே மாதிரி வேலை மணி நேரத்தை ரிப்போர்ட் பண்ணச் சொன்னாங்க, ஆரம்பத்துல வெப்சைட்ல மட்டும்தான் பண்ண முடியும், அந்த வெப்சைட்டும் ராத்திரி 9 மணிக்கு மூடிடுவாங்க, காலைல 7 மணிக்குத்தான் திறக்கும். 18,000 பேருக்கு மேல கவரேஜ் இழந்தாங்க, 2019 மார்ச்ல கோர்ட் நிறுத்தி வச்சுது. வேலை பாத்துக்கிட்டே இருந்தவங்களும், விலக்குக்கு முழுத் தகுதி இருந்தவங்களும் அதுல போனாங்க. இப்ப நாடு முழுக்க வரப்போகுது, அதனால டேட்டாவை வச்சுத் தானா செக் பண்ற வழியை மாநிலங்கள் இப்பவே சரி பண்ணி வைக்கலைன்னா நிலைமை மோசமாயிடும். சம்பள டேட்டாவுல 80 மணி நேரத்துக்கான வருமானம் தெரியுதுன்னா அந்த ஆளைக் கேக்கவே கூடாது. ஊனத்துக்காக உதவி வாங்குறவர்னு ஃபைல்லயே இருக்குன்னா அவர்கிட்ட டாக்டர் லெட்டர் கேக்கக் கூடாது. கேட்டே ஆகணும்னா தெரிஞ்சதை நிரப்பி அனுப்புங்க, இதுல எது மாறியிருக்குன்னு மட்டும் கேளுங்க, கடைசித் தேதியை முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போடுங்க, ஒரு டெக்ஸ்ட் மெசேஜ் போடுங்க, ஃபோன்லயே கையெழுத்தை ஏத்துக்கோங்க, ஃபோட்டோ எடுத்து அனுப்புனா கிடைச்சுதுன்னு அப்பவே ஒரு பதில் சொல்லுங்க.

இதைப் படிக்கிற யாருக்காவது, இல்ல உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது கவர் வந்திருந்தா சில விஷயம். வீடு மாறினா ரினியூவல் வர்ற வரைக்கும் காத்திருக்காம மெடிகெய்டுக்கும் ஸ்நாப்புக்கும் தனித்தனியா அட்ரஸ் மாத்துங்க, ஒரு இடத்துல சொன்னா இன்னொண்ணுக்குத் தானா போகும்னு நம்பாதீங்க. அனுப்புற ஒவ்வொரு பக்கத்தையும் தேதியோட ஃபோட்டோ எடுத்து வைங்க. மெடிகெய்ட் நிறுத்துறோம்னு நோட்டீஸ் வந்தா, நிறுத்தப்போற தேதிக்கு முன்னாடியே ஃபேர் ஹியரிங் (அந்த முடிவை எதிர்த்து ஒரு விசாரணை) வேணும்னு எழுதிக் கேட்டா அந்த முடிவு வர்ற வரைக்கும் கவரேஜ் தொடரும்படி கேக்கலாம். ஃபார்ம் போகாததால ஏற்கனவே நின்னுடுச்சுன்னா, வருமானத்தை வச்சு மெடிகெய்ட் வாங்குற பெரும்பாலானவங்களுக்கு 90 நாள் அவகாசம் உண்டு, அதுக்குள்ள அதே ரினியூவல் ஃபார்மை அனுப்புங்க, புது அப்ளிகேஷன் கேக்காமலே அதைப் பாக்கணும்னு விதி இருக்கு. கவுன்ட்டர்ல முதல்ல இருந்து அப்ளை பண்ணுங்கன்னு சொன்னா, 90 நாள் மறுபரிசீலனைல பாருங்கன்னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க.